வெள்ளைக் குதிரையா, பக்கத்து ஊர்க் குதிரையா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் விவசாயம் செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கினேன். நல்ல கறுப்பு, 58 அங்குல உயரம். ராஜஸ்தானின் மார்வாரி இனம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இனப் பதிவுத் தாள் எதுவும் இல்லை. வயது எட்டு, ஒன்பது இருக்கும். ரொம்பச் சாது, என் மகள் கயிற்றைப் பிடித்தாலே பின்னால் வரும். வலது முன்கால் மட்டும் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இதுவரை குட்டி போட்டதாகத் தெரியவில்லை. இப்போது ஒரு குட்டி எடுக்க ஆசை. பொலிக்கு இரண்டு குதிரை பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, மகாராஷ்டிராவிலிருந்து போன வருடம் கொண்டுவந்த நுக்ரா; 65 அங்குலம், பால் வெள்ளை. சேர்க்கைக்கு 25,000 ரூபாய் கேட்கிறார். இன்னொன்று பக்கத்து ஊரில் பல வருடமாக இருக்கும் செம்பழுப்புக் குதிரை. 61 அங்குலம், 5,000 ரூபாய். ஆனால் அதன் தாத்தாவும் என் குதிரையின் தாத்தாவும் ஒன்று என்கிறார்கள், அதுதான் தயக்கம். எனக்கு உயரமான கறுப்புக் குட்டி வேண்டும். வெள்ளைக் குதிரைக்கே போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மாட்டுக்குப் போடுவதுபோல் சினை ஊசி போட வழியுண்டா?

பதில்: தம்பிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய ஏழு படங்களில் ஐந்து அந்த வெள்ளைக் குதிரையினுடையவை. ஒன்று பக்கத்து ஊர்க் குதிரை. உங்கள் குதிரைக்கு ஒரே ஒரு படம். அதுவும் தீவனத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது. மனது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. குட்டி எடுக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், பொலிகுதிரையில் தொடங்குவார்கள். நான் அந்த ஏழாவது படத்தில் தொடங்குகிறேன்.

பிறக்கிற குட்டி அச்சு அசல் தாயைப் போலவே வந்துவிட்டால் உங்களுக்குச் சம்மதமா? அதே 58 அங்குலம், அதே திரும்பிய கால், அதே குணம். "பரவாயில்லை, சந்தோஷமாக வைத்துக்கொள்வேன்" என்றால் மேலே படியுங்கள். "அதற்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று தோன்றினால், இரண்டு வயதுக் குட்டி ஒன்றைப் பார்த்து வாங்கிவிடுங்கள். என்ன வாங்குகிறோம் என்பதாவது கண்ணுக்குத் தெரியும். சேர்க்கைக் கூலியை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. சினைக்காலமே 11 மாதம். பிறந்த பிறகு, முதுகில் ஆள் ஏற்றவோ வண்டியில் பூட்டவோ 3 வயதாவது ஆக வேண்டும். ஆக, இன்றைக்கு எடுக்கிற முடிவுக்கு ஏறக்குறைய நாலு வருடம் கொள்ளும் புல்லும் போட்டாக வேண்டும். இரண்டு வயதிலேயே வண்டியில் பூட்டி முட்டி வீங்கி என்னிடம் வந்த குட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்; அந்த வழக்கத்தை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டாம்.

"குட்டி தகப்பனைக் கொண்டுதான் வரும்" என்பது பொலிகுதிரை வைத்திருப்பவர்களின் வழக்கமான பேச்சு. அவர்கள் வியாபாரம் அது, குறை சொல்லவில்லை. குதிரைக்கு 64 குரோமோசோம்; 32 தகப்பனிடமிருந்து, 32 தாயிடமிருந்து. அதுவரை சரிபாதி. அதற்குப் பிறகு தராசு தாய்ப்பக்கம் சாய்கிறது. செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா முழுக்க முழுக்கத் தாய் வழியில் வருவது. வயிறும் தாயுடையது, பாலும் தாயுடையது.

வயிறு எவ்வளவு தூரம் தீர்மானிக்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் ஷயர் என்னும் பூதாகாரமான வண்டிக்குதிரையையும் ஷெட்லாண்ட் என்னும் குட்டையான மட்டக்குதிரையையும் இரண்டு விதமாகவும் கலந்து பார்த்தார்கள். 1938-இல் முடிவை வெளியிட்டார்கள். நேரடியாகச் சேர்க்க முடியாது என்பதால் அந்தக் காலத்திலேயே ஊசி முறைதான். இரண்டு பக்கமும் கலப்பு ஒன்றுதான், பாதி ஷயர், பாதி ஷெட்லாண்ட். ஆனாலும் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த குட்டியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எடை. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை.

உங்கள் விஷயத்தில் இதற்கு இரண்டு அர்த்தம். 65 அங்குலக் குதிரைக்கு விட்டால் குட்டி பெரிதாகி ஈனும்போது சிக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. தாயின் வயிறு பெரும்பாலும் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். ஆனால் அதே வயிறுதான் நீங்கள் ஆசைப்படுகிற உயரத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். 58-ஐயும் 65-ஐயும் சேர்த்தால் 65 வராது. உயரம் என்பது பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை. நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நிற்கும், அண்ணன் தம்பிக்குள்ளேயே இரண்டு மூன்று அங்குலம் மாறும். இதைவிட என்னை உறுத்துவது வேறு. பெற்றோருக்குள் அளவு வித்தியாசம் அதிகமாக இருந்தால் குட்டி ஒட்டுப்போட்ட மாதிரி வருவதுண்டு: தகப்பனுடைய கனத்த நெஞ்சும் உடம்பும், தாயினுடைய மெல்லிய எலும்புக் காலும். அந்தக் காலால் அந்த உடம்பைச் சுமக்க முடியாது. மூன்று, நாலு அங்குல வித்தியாசம் என்றால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

இன்னொன்று, குணம். குட்டி முதல் ஆறு மாதம் தாயின் விலாவை ஒட்டியே திரியும். தாய் மிரள்வதைப் பார்த்து மிரளும், தாய் ஆளை நம்புவதைப் பார்த்து நம்பும். மகள் கயிற்றைப் பிடித்தாலே பின்னால் வரும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு உங்கள் குதிரையிடம் உள்ள பெரிய சொத்து அதுதான், கறுப்பு நிறம் அல்ல.

இனி அந்த வலது முன்கால். சமதளத்தில் நிறுத்தி, நேர் எதிரே குந்தி உட்காருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி, தோள் முனையிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நூல் முன்னங்கையையும் முட்டியையும் கணுவையும் குளம்பையும் நடுவாகப் பிரித்துக்கொண்டு இறங்க வேண்டும். கால் மேலிருந்தே முழுசாகத் திரும்பியிருக்கிறதா, முட்டியிலிருந்தா, கணுவுக்குக் கீழே மட்டுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இடது காலின் கணுவை உள்பக்கம் தடவிப் பாருங்கள். பழைய காயம், தடித்த தோல், முடி உதிர்ந்த இடம் ஏதாவது இருந்தால், ஓடும்போது வலது குளம்பு உள்பக்கமாக வீசி அங்கே அடிக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் அவ்வளவு மோசமில்லை. லாடம் அடித்தவர் ஒரு பக்கத்தைக் கூடுதலாகச் சீவிவிட்டதால்கூட இப்படி வந்திருக்கலாம். எந்த வயதிலிருந்து இப்படி என்று விற்றவருக்குத்தான் தெரியும், அவர் சொல்ல மாட்டார். ஆகவே பிறவிக் குறை என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

இங்கே பலரும் ஒரு தப்புக்கணக்குப் போடுவார்கள். பெண் குதிரைக்குக் கால் வெளியே திரும்பியிருக்கிறதா, உள்ளே திரும்பிய ஆண் குதிரைக்கு விட்டால் நேராகிவிடும் என்று. ஆகாது. இரண்டு கோணல் சேர்ந்து ஒரு நேர் வராது. ஒரு குட்டிக்கு அது, ஒரு குட்டிக்கு இது, சமயத்தில் ஒரே குட்டிக்கு இரண்டும். ஒரு குறைக்கு மருந்து அதே இடத்தில் குறையில்லாத துணை மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது முன்கால் தூக்குக்குண்டு பிடித்ததுபோல் இறங்குகிற ஆண் குதிரை. உயரம், நிறம், காது எல்லாம் அதற்குப் பின்னால்.

சரி, இரண்டு பொலிக்கும் வருவோம்.

ஒரு பொலிகுதிரையைத் தெரிந்துகொள்ள அதைப் பார்ப்பதைவிட அதன் குட்டிகளைப் பார்ப்பது மேல். வெள்ளைக் குதிரை நிற்கிற நிலை கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது என்கிறீர்கள். அதன் குட்டிகள் எங்கே? மகாராஷ்டிராவில் எங்கோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இங்கே அதற்குச் சினை நின்ற பெண் குதிரைகள் எத்தனை, நிற்காதவை எத்தனை என்று கேளுங்கள். பக்கத்து ஊர்க் குதிரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பல வருடமாக இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அதன் வாரிசுகள் வண்டியிலும் தோட்டத்திலும் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், ஐந்து குட்டிகளையாவது பாருங்கள். தகப்பன் ஒன்று, தாய்கள் வெவ்வேறு. அப்படியிருந்தும் ஒரே குறை மூன்று குட்டியில் திரும்பத் திரும்ப வந்தால் அது தகப்பன் கொடுத்தது. முன்கால் நேராக இருக்கிறதா, நடக்கும்போது பின்னங்கால் முன்னங்கால் தடத்தில் விழுகிறதா, மேலுதட்டைத் தூக்கினால் பல் வரிசை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா. மேல்தாடை கிளிமூக்குபோல் நீண்டிருந்தால் புல்லைக் கடித்து மேய முடியாது. அதுவும் வம்சத்தில் வருகிற குறைதான். வளர்க்கிறவரிடம் மறக்காமல் கேளுங்கள், சேணம் போடும்போது கடிக்குமா, லாடம் அடிக்கக் கால் கொடுக்குமா என்று. உங்கள் குதிரை அளவுள்ள தாய்க்குப் பிறந்த குட்டி ஒன்று கிடைத்தால் அதை நின்று நிதானமாகப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது ஏறக்குறைய அதைத்தான்.

பொலிகுதிரையிடம் நேரில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். இரண்டு விதையும் பையில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட குதிரைக்கும் சினை பிடிக்கும். ஆனால் அந்தக் குறை ஆண் குட்டிக்கு இறங்கும் ஆபத்து இருப்பதால் நான் பொலிக்குச் சேர்க்க மாட்டேன். அப்புறம், லாயத்திலிருந்து வெளியே கொண்டுவரும்போது எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று எண்ணுங்கள்; குணம் அதில் தெரிந்துவிடும்.

நிறத்துக்கு வருகிறேன், இதில் வீட்டில் எல்லோரும் ஏமாறப்போகிறீர்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வது ஒரே ரகமல்ல. மூக்கு நுனியையும் கண் ஓரத்தையும் பாருங்கள். வெளியே வெள்ளை, உள்ளே தோல் கறுப்பு என்றால் அது பிறக்கும்போது நிறமாகப் பிறந்து பிறகு நரைத்த குதிரை. அதன் குட்டிகளில் பாதியாவது நரைக்கும் வாய்ப்பு. அதன் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் நரை மரபணு வந்திருந்தால் எல்லாக் குட்டியும் நரைக்கும். உங்களுக்குக் கறுப்பாகவே குட்டி பிறக்கும், ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள், நாலைந்து வருடத்தில் கண்ணெதிரே சாம்பலாகி வெளுக்கும். பிறந்த சில மாதத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை முடி முளைப்பதுதான் முதல் அடையாளம். நரைத்த குதிரைகளுக்கு வயதானபின் வால் அடியிலும் ஆசனவாய் ஓரத்திலும் கறுப்புக் கட்டிகள் வருவது மிகச் சாதாரணம்.

தோலே இளஞ்சிவப்பு என்றால் அதுதான் நுக்ரா என்று வியாபாரிகள் சொல்வது. கண் நீலமாக இருந்தால் பெரும்பாலும் இரட்டைக் கிரீம் மரபணு. அதிலிருந்து ஒன்று மட்டும் கறுப்புத் தாயின் குட்டிக்கு வந்தால் குட்டி கறுப்பாகவோ கொஞ்சம் மங்கிய கறுப்பாகவோ, தகப்பனின் அடி நிறத்தைப் பொறுத்துப் பொன்னிறமாகவோ இருக்கும், வெள்ளையாகாது. கண் கறுத்திருந்தால் வேறு மரபணு; பாதிக்குப் பாதி வெள்ளைக் குட்டி வரலாம். உங்கள் படங்களில் மூக்கு சிவப்பாகத் தெரிகிறது, கண் நிறம் தெரியவில்லை. இளஞ்சிவப்புத் தோல் நம் சித்திரை வெயிலுக்குச் செய்த தோல் அல்ல. மூக்கு வெந்து உரியும். கண்ணோரம் ஆறாத புண்ணாகிப் புற்றாக மாறியதையும் பார்த்திருக்கிறேன். கல்யாண ஊர்வலத்துக்கு விடுபவர்கள் நிழலில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். தோட்டத்தில் கட்டி வளர்க்க எனக்கு மனசு வராது.

செம்பழுப்புக் குதிரைக்கு விட்டாலும் கறுப்புக் குட்டி நிச்சயமில்லை. அந்த நிறம் கறுப்பின் மேல் ஏறி உட்காரும். செம்பழுப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம். கறுப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் கறுப்புப் பொலி தேட வேண்டும். கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் கறுப்பு வரும், சில சமயம் செவலை வரும், செம்பழுப்பு வராது. ஆனால் நிறத்துக்காகக் காலை விட்டுக்கொடுப்பது சரியில்லை தம்பி. சுழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆச்சரியம்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: விற்கிற அன்றைக்குச் சுழி சுத்தம் விலையைக் கூட்டும் என்பதால் குட்டி பிறந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சேர்த்தால் அந்தச் சுழி வரும் என்று பணம் கேட்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். மார்வாரிக் காது விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். காது முனை உள்ளே வளைந்து தொட்டுக்கொண்டால் மட்டும் மார்வாரி ஆகிவிடாது. தாள் இல்லாத தாய்க்குப் பிறக்கிற குட்டியைத் தாள் உள்ள விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

தாத்தா ஒன்று என்கிற தயக்கம். இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. தகப்பனுக்கு மகளையே விட்டால் குட்டியின் நெருங்கிய உறவுக் கலப்பு 25 சதவீதம். தகப்பன் ஒன்று, தாய் வேறு என்கிற அண்ணன் தங்கையை விட்டால் 12.5. உங்கள் விஷயத்தில் தாத்தா மட்டும் ஒன்று. அது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். நம் வீடுகளில் மாமன் மகளைக் கட்டினால் 6.25, அக்கா மகளைக் கட்டினால் 12.5. அதைச் செய்துவிட்டு இதற்குத் தயங்குகிறோம்! பந்தயக் குதிரை வளர்ப்பவர்கள் இந்த அளவு நெருக்கத்தைத் தெரிந்தே செய்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: "தாத்தா ஒன்று" என்று வாய்மொழியாகச் சொல்வது உண்மையில் "தகப்பன் ஒன்று" என்று இருந்துவிடக் கூடாது. நன்றாக விசாரியுங்கள், சந்தேகம் தீராவிட்டால் இரண்டின் பிடரி முடியையும் வேரோடு எடுத்து டி.என்.ஏ. பார்க்கலாம்.

ஆக, என்னைக் கேட்டால் பக்கத்து ஊர்க் குதிரை. அதுவும் அதன் குட்டிகளின் முன்கால் நேராக இருந்தால் மட்டும். அங்கேயும் கால் வெளியே திரும்பியிருப்பதைப் பார்த்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். குதிரைக்கு ஒன்பது வயதுதான், ஒரு வருடம் பொறுத்து வேறு பொலி தேடலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலும் முதல் குட்டி எடுக்கலாம். தள்ளத் தள்ளச் சினை பிடிப்பது கடினமாகும் என்பது உண்மை, ஆனால் ஒரு வருடத்தில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

சினை ஊசி: முறை இருக்கிறது. ஹரியானாவின் ஹிசாரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிக்கானேர் வளாகத்தில் நம் நாட்டு இனப் பொலிகுதிரைகளின் விந்தை உறைய வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மாட்டுக்குப் போடுகிற மாதிரி காலையில் கத்தினால் மாலையில் போட்டுவிட்டுப் போகிற வேலை அல்ல. குதிரையின் பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நீளும், முட்டை வெளிவருவது கடைசி ஓரிரு நாளில். உறைந்த விந்து என்றால் அதற்குச் சில மணி நேரம் முன்னேபின்னே போட்டாக வேண்டும். அதற்கு ஒருவர் இரவு பகலாக ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கம் அது நடைமுறைக்கு வராது. நேரடிச் சேர்க்கையே போதும். பருவம் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், குதிரை நிற்க மறுக்கிற வரை. கன்னிக் குதிரை என்பதால் பின்னங்காலுக்குக் கயிறு போடாமல் விட வேண்டாம். முதல் தடவை உதைக்கும், பொலிகுதிரைக்காரர் சண்டைக்கு வருவார்.

அதற்கு முன்னால் இரத்தம். உங்கள் அரசு கால்நடை மருத்துவர் மூலம் இரண்டு குதிரைக்கும் எடுத்து, கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய், தொற்று இரத்தசோகை, ஈ கடித்துப் பரவும் சர்ரா மூன்றுக்கும் ஹிசாருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைச் சட்டப்படி கொன்றாக வேண்டும். பொலிகுதிரைக்காரர் முகம் சுளித்தால் அங்கே போகவே வேண்டாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருப்பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலம் என்று பார்த்தால் தையில் சேர்ப்பது எனக்குப் பிடிக்கும். மார்கழியில் குட்டி விழும். மழை முடிந்து பசுந்தீவனம் இருக்கும், வெயில் ஏறுவதற்குள் குட்டி நாலு மாதம் தேறிவிடும். சினையாக இருக்கிற ஆடியில் மட்டும் அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நாலு மாநிலத்துக் குதிரை மூச்சுவிடுகிற இடம் அது.

கடைசிச் சேர்க்கைக்குப் பின் 14-லிருந்து 16 நாளுக்குள் ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குதிரையை நாற்பதாம் நாள் உள்ளே கையை விட்டுப் பார்த்து, "சினைதான், கவலை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே இரண்டு இருந்தது எனக்குத் தெரியவில்லை. எட்டாம் மாதம் விடியற்காலை கூப்பிட்டார்கள். வைக்கோல் மேல் இரண்டு குட்டி, இரண்டும் உயிரில்லாமல், ஒன்று பூனை அளவு. குதிரைக்கு ஒரு குட்டியின் நஞ்சுக்கொடியே கருப்பை முழுக்கப் படர வேண்டும். இரண்டு வந்தால் இடத்துக்கு அடித்துக்கொண்டு பெரும்பாலும் இரண்டும் போய்விடும். பதினாறு நாளுக்குள் பார்த்தால் ஒன்றைக் கையாலேயே நசுக்கி மற்றதைக் காப்பாற்றலாம். அந்தக் குதிரைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீ போட்டுக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போதைக்கு எனக்கு மூன்று படம் வேண்டும். உங்கள் குதிரை சமதளத்தில் நிற்க, நேர் எதிரிலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேலுதட்டைத் தூக்கிப் பல் தெரிய ஒன்று. எட்டா ஒன்பதா என்பதைப் பல்லைப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம். தொட்டியில் தீவனம் வைக்காமல் எடுங்கள்.